தொடக்ககாலக் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள்: நடுவர் இல்லாத ஆட்டம்

தொடக்ககாலக் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் 1975 முதல் 1985 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளிலும் பின்னர் வீட்டுக் கணினிகளிலும் உருவானவை. ஆடுபவர் ஒரு கற்பனை மாந்தரின் இடத்தில் நின்று, நிலவறைகளிலும் காடுகளிலும் அலைந்து, சண்டையிட்டு, பொருள் சேர்த்து, படிப்படியாக வலிமை பெறுவதே இவற்றின் பொது அமைப்பு. இவை அனைத்தும் 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டிலிருந்து கிளைத்தவை. மேசை விளையாட்டின் கணக்கைக் கணினி எளிதில் கற்றுக்கொண்டது. மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருந்த நடுவரை மட்டும் அதனால் உள்ளே கொண்டுவர முடியவில்லை. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வியே இந்தப் பத்தாண்டு வரலாற்றின் மையம். அதற்குக் கிடைத்த மிகத் துணிவான விடை 1985-இல் வெளிவந்த அல்டிமா 4 என்னும் விளையாட்டு.

மேசை ஆட்டமும் நடுவரும்

பாத்திரமேற்பு விளையாட்டின் வேர் போர்ப் பயிற்சியில் உள்ளது. பிரஷ்ய படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வகுத்த கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் ஆட்டத்தில் இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் தருவார்கள். அவர் பகடையும் அட்டவணையும் கொண்டு விளைவைச் சொல்வார். விதிகள் மிகுந்ததால் ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி 1876-இல் அட்டவணைகளைக் குறைத்து, அனுபவமுள்ள நடுவரின் முடிவுக்கே விட்டுவிடலாம் என்று வாதிட்டார். விதியா, நடுவரின் தீர்ப்பா என்ற வழக்கு இவ்வாறு கணினிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கியது.

அமெரிக்காவில் சார்ல்ஸ் டாட்டன் 1880-இல் எழுதிய ஸ்ட்ராடகோஸ் என்னும் போர் விளையாட்டு நூலும் நடுவருக்குப் பேரளவு உரிமை தந்தது. மினசோட்டா மாநில இளைஞர் டேவிட் வெஸ்லி அந்நூலைப் படித்து, 1960களின் இறுதியில் ஒரு புதிய ஆட்டத்தை நடத்தினார். அதில் ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதரின் பாத்திரத்தை ஏற்றனர். விதியில் இல்லாததை யாராவது செய்ய விரும்பினால், நடக்குமா நடக்காதா என்று நடுவர் முடிவு சொல்வார். அந்த ஆட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அம்முறையைப் பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா ஊரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் 1971-இல் செயின்மெயில் என்னும் இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டிருந்தார். இவ்விருவரின் கூட்டு முயற்சியே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சில் 1,000 பெட்டிகள். விலை 10 டாலர்.

இந்த ஆட்டத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கணக்கு: மாந்தரின் வலிமை, அறிவு போன்றவற்றுக்கு எண்கள், உயிர்ப்புள்ளிகள், அனுபவப் புள்ளிகள், படிநிலைகள், இருபது முகப் பகடை. மற்றது பேச்சு: நடுவர் ஓர் அறையை வருணிப்பார், ஆடுபவர் தாம் செய்ய விரும்புவதைச் சொல்வார், நடுவர் அதை எடைபோட்டுப் பதில் தருவார். சிறைப்பட்ட எதிரியைக் கொல்லலாமா, விட்டுவிடலாமா என்று மேசையைச் சுற்றி வாக்குவாதம் நடக்கும். எண்கள் அந்த வாக்குவாதத்துக்குச் சாரம் கட்டித் தந்தன. கட்டடம் எழுந்தது பேச்சில்தான்.

இலக்கியத் தாக்கங்கள்

கைகாக்ஸ் 1979-இல் வெளியிட்ட நடுவர் கையேட்டின் பின்னிணைப்பில் தமக்கு ஊக்கம் தந்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். ராபர்ட் ஹாவர்ட், ஃபிரிட்ஸ் லீபர், ஜாக் வான்ஸ், மைக்கேல் மூர்காக், லவ்கிராஃப்ட், டோல்கீன் ஆகியோர் அதில் உள்ளனர். இந்தக் கலவையே பின்வந்த கணினி விளையாட்டுகளின் நிறத்தைத் தீர்மானித்தது. மாந்திரீகர் ஒரு மந்திரத்தை மனனம் செய்து, ஒருமுறை சொன்னதும் மறந்துவிடும் விதி வான்ஸ் கதைகளிலிருந்து வந்தது. குள்ளர், எல்ஃப், ஆர்க் போன்ற இனங்கள் டோல்கீன் வழியாகப் பரவலானவை. உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு ஹாபிட் என்னும் பெயர் ஹாஃப்லிங் என்று மாற்றப்பட்டது.

இவர்களுள் டோல்கீனின் கதை துறவைப் பற்றியது; வலிமை தரும் மோதிரத்தை அழிப்பதற்கான பயணம் அது. ஹாவர்டும் லீபரும் எழுதியவை கொள்ளையும் வாளும் நிறைந்த சாகசக் கதைகள். விளையாட்டுகள் டோல்கீனிடமிருந்து உடையை வாங்கிக்கொண்டன, நடையை ஹாவர்டிடமிருந்து வாங்கிக்கொண்டன. புதையலும் அனுபவப் புள்ளியும் எண்ணத்தக்கவை. துறவை எண்ணுவது கடினம். இந்தச் சாய்வு கணினிக்கு வந்ததும் மேலும் கூடியது.

பாடக் கணினியில் பிறந்த நிலவறைகள்

முதல் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பிறந்த இடம் கல்விக்காகக் கட்டப்பட்ட ஒரு கணினி அமைப்பு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ திட்டம், மாணவர் ஒவ்வொருவரும் திரை முன் அமர்ந்து பாடம் கற்க வழிசெய்தது. 1972-க்குப் பின் வந்த அதன் முனையங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரையும் தொட்டு விடை சொல்லும் வசதியும் இருந்தன. அதில் எழுதப்படும் நிரல் ஒவ்வொன்றுக்கும் 'பாடம்' என்றே பெயர்.

1975-இல் ரஸ்டி ரதர்ஃபோர்ட் எழுதிய நிலவறை விளையாட்டு இதில் பெடிட்5 என்னும் கோப்புப் பெயரில் இருந்தது. பெயரைப் பார்த்தால் விளையாட்டு என்று தெரியாது. பாடத்துக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக நிர்வாகிகள் அதை அழித்தனர். இன்றும் கிடைக்கும் மிகப் பழைய கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டு என்று கருதப்படுவது இதுவே. அதே ஆண்டில் கேரி விசன்ஹன்ட், ரே வுட் ஆகியோர் டிஎன்டி என்னும் விளையாட்டை எழுதினர். நிலவறையின் அடித்தளத்தில் ஒரு டிராகன் காவல் காக்கும் உருண்டையைக் கைப்பற்றுவது அதன் இலக்கு. இறுதியில் ஒரு பெரிய எதிரியை நிறுத்தும் வழக்கம் இங்கிருந்து தொடங்குகிறது. பின்னர் மோரியா, 1977-இல் ஊப்லியெட், 1979-இல் அவதார் ஆகியவை பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடும் வசதியுடன் வந்தன.

பாடம் நடத்தும் பொறிக்கு அன்று நன்றாகத் தெரிந்த வேலை கேள்வி கேட்பது, விடையைச் சரிபார்ப்பது, மதிப்பெண் போடுவது. நிலவறை விளையாட்டுகளும் இதே வேலையைத்தான் செய்தன. பூதம் எதிர்ப்படும், ஆடுபவர் ஒரு விசையை அழுத்துவார், புள்ளி கூடும் அல்லது உயிர் போகும். மேசை ஆட்டத்தின் பேச்சுப் பகுதிக்கு இங்கே இடமில்லை. அதை எழுதிய மாணவர்களின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. பொறியால் முடிந்த பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக் கணினிகள்

1970களின் இறுதியில் ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80 போன்ற கணினிகள் வீடுகளுக்கு வந்தபோது, விடுபட்ட பாதியைப் பலர் பலவிதமாக ஈடுசெய்ய முயன்றனர்.

1979-இல் வெளிவந்த டெம்பிள் ஆஃப் அப்ஷாய் என்னும் விளையாட்டு ஒரு சிறு நூலையும் உடன் தந்தது. திரையில் அறை எண் தோன்றும். நூலில் அந்த எண்ணுக்குரிய பத்தியைப் புரட்டிப் படித்தால் சுவரின் ஈரமும் தரையின் எலும்பும் தெரியவரும். நடுவரின் குரலைத் தாளில் அச்சிட்டு வைத்த ஏற்பாடு இது.

1980-இல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் உருவாக்கி, கென் ஆர்னால்ட் மேம்படுத்திய ரோக், நடுவரின் கற்பனையைத் தற்செயலிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். மாந்தர் இறந்தால் மீட்பில்லை. யூனிக்ஸ் கணினிகள் வழியாக இது பல்கலைக்கழகங்களெங்கும் பரவியது.

1981-இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோரின் விசார்ட்ரி வந்தது. ஆறு பேர் கொண்ட குழு, பத்துத் தளங்கள், தளத்துக்கு 20-க்கு 20 கட்டங்கள். ஆடுபவர்கள் கட்டம் போட்ட தாளில் தாங்களே வரைபடம் வரைந்தனர். பிளேட்டோவின் ஊப்லியெட் போன்ற ஆட்டங்களின் சாயல் இதில் தெளிவு. விசார்ட்ரியில் மாந்தருக்கு நல்லவர், நடுநிலையாளர், தீயவர் என்ற அடையாளமும் உண்டு. ஆனால் அந்த அடையாளம் பெரும்பாலும் யார் யாருடன் சேரலாம், எந்தக் கவசம் அணியலாம் என்பதற்குத்தான் பயன்பட்டது.

மூன்றாவது வழி ரிச்சர்ட் கேரியட்டுடையது. 1961-இல் பிறந்த இவர் ஸ்கைலேப் விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன். ஹூஸ்டன் அருகே உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அங்கிருந்த தட்டச்சு முனையத்தில் தானே பேசிக் மொழி கற்றார். தனக்கென வகுத்துக்கொண்ட அந்தப் பாடத்தைப் பள்ளியும் ஏற்றுக்கொண்டது. அங்கே 28 சிறு விளையாட்டுகளை எழுதினார். அவற்றின் தொடர்ச்சியே ஆப்பிள் கணினிக்கான அகலபெத். பெயர் டோல்கீனின் நூலிலிருந்து எடுத்தது. கோடைகால வேலை பார்த்த கணினிக் கடையில் பிளாஸ்டிக் பைகளில் இட்டு விற்றார். 1980-இல் ஒரு பதிப்பு நிறுவனம் அதை வாங்கி வெளியிட்டது. 1981-இல் அல்டிமாவும், 1982, 1983 ஆண்டுகளில் அதன் இரண்டாம் மூன்றாம் பகுதிகளும் வந்தன.

முதல் அல்டிமாவில் ஒரு காட்சி உண்டு. சிறைப்பட்ட இளவரசியை மீட்கச் சாவி வேண்டும். சாவி அரண்மனைக் கோமாளியிடம் இருக்கிறது. அதைப் பெற ஆடுபவர் தமக்கு ஒரு தீங்கும் செய்யாத கோமாளியைக் கொல்ல வேண்டும். பிறகு காவலரை வெட்டித் தப்பிக்க வேண்டும். இதைச் செய்தவர் விளையாட்டின் முடிவில் உலகைக் காத்த வீரர் என்று போற்றப்படுகிறார். மேசையில் ஒரு நடுவர் இருந்திருந்தால், குறைந்தது ஒரு புருவமாவது உயர்ந்திருக்கும்.

அல்டிமா 4

1983-இல் கேரியட் தம் அண்ணன் ராபர்ட்டுடன் சேர்ந்து ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின், ஆடுபவர்களின் கடிதங்கள் நேரே அவரிடம் வரத் தொடங்கின. தம் விளையாட்டுகளில் மக்கள் திருடியும் கொன்றும் வெற்றி பெறுவதை அவர் கவனித்தார். பெற்றோரிடமிருந்து கண்டனக் கடிதங்களும் வந்தன. 1985-இல் வெளிவந்த அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார் இவற்றுக்கு அவர் தந்த பதில்.

இவ்விளையாட்டில் வீழ்த்த வேண்டிய கொடியவன் எவனும் இல்லை. நாடு அமைதியாக இருக்கிறது. மக்களுக்கு முன்மாதிரியாக ஒரு மனிதர் தேவை, அவராக ஆவதே இலக்கு. தொடக்கத்தில் குறி சொல்லும் நாடோடிப் பெண் ஏழு கேள்விகள் கேட்கிறார். ஒவ்வொன்றும் இரண்டு நற்பண்புகளுக்கு இடையிலான இக்கட்டு. சரி, தவறு என்று விடை கிடையாது. எந்தப் பண்பை எதற்கு மேலாக வைக்கிறார் என்பதைக் கொண்டு ஆடுபவரின் தொழிலும் தொடங்கும் ஊரும் முடிவாகின்றன.

நற்பண்புகள் எட்டு: நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. இவை உண்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று அடிப்படைகளிலிருந்து பிறக்கின்றன. இந்த மூன்றும் விசார்ட் ஆஃப் ஆஸ் கதையில் மூளை வேண்டிய வைக்கோல் பொம்மை, இதயம் வேண்டிய தகர மனிதன், துணிவு வேண்டிய சிங்கம் ஆகியோரிடமிருந்து வந்தவை என்று கேரியட் கூறியுள்ளார். உண்மை மட்டும் நின்றால் நேர்மை, அன்பு மட்டும் நின்றால் இரக்கம், துணிவு மட்டும் நின்றால் வீரம். உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி, அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம், துணிவும் உண்மையும் சேர்ந்தால் மானம். மூன்றும் சேர்ந்தால் ஆன்மிகம். மூன்றும் இல்லாத இடத்தில் இருப்பது செருக்கு. அதன் எதிர்நிலையாகப் பணிவு வைக்கப்பட்டது. மூன்று பொருள்களைச் சேர்த்தும் விட்டும் அமைக்கக்கூடிய எல்லா வகைகளும் எட்டுதான். அறநூல் என்பதைவிடக் கணக்குப் பாடத்தின் அழகு இதில் அதிகம்.

ஆட்டத்தின் போக்கில் ஆடுபவரின் செயல்கள் கவனிக்கப்படுகின்றன. மூலிகை விற்கும் பெண் பார்வையற்றவர். விலையைச் சொல்வார், காசை ஆடுபவரே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் பொருள் கிடைக்கும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நேர்மை மட்டும் உள்ளே குறைந்திருக்கும். இரப்போருக்குக் காசு கொடுத்தால் இரக்கம் உயரும். மருத்துவச் சாலையில் குருதி கொடுத்தால் தியாகம் உயரும். போரில் புறமுதுகு காட்டினால் வீரம் குறையும். தீயன அல்லாத விலங்குகளை வலிந்து தாக்கினால் இரக்கம் குறையும். உரையாடலில் தற்பெருமை பேசினால் பணிவு குறையும். அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்னும் முனிவரிடம் கேட்டால் தன் நிலையைச் சொற்களில் அறியலாம். எண்ணை அவரும் காட்டமாட்டார். ஒவ்வொரு பண்பிலும் தேறியதும் அதற்குரிய கோயிலில் மந்திரச் சொல்லுடன் தியானம் செய்ய வேண்டும். ஆன்மிகத்துக்குரிய மந்திரம் ஓம்.

அவதாரம் என்னும் சொல்

தலைப்பிலுள்ள அவதார், இந்து மரபின் அவதாரம் என்னும் சொல்லே. அதற்கு இறங்கி வருதல் என்று பொருள். மேலிருக்கும் இறைவன் உலகின் தேவை கருதிக் கீழே வருவது. அல்டிமா 4 இந்தத் திசையைத் தலைகீழாக்குகிறது. கீழே உள்ள மனிதன் நற்பண்புகளால் மேலேறி அவதாரம் ஆகிறான். சொல் கடன் வாங்கப்பட்டது, பொருள் மாறிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான ஒப்புமை பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் அந்தப் பலகையில் ஏணிகள் நற்செயல்கள், பாம்புகள் தீச்செயல்கள், உச்சியில் திருமாலின் திருவடி. மனிதன் படிப்படியாக ஏறுவதுதான் அங்கும் ஆட்டம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. வேறுபாடு ஒன்று உண்டு. பரமபதத்தில் யார் ஏணியில் ஏறுவது, யார் பாம்பிடம் சிக்குவது என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. ஆடுபவர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை. அல்டிமா 4-இல் பார்வையற்ற வணிகரின் முன் எத்தனை காசு வைப்பது என்பதை ஆடுபவரின் கை தீர்மானிக்கிறது. பலகையில் எழுதியிருந்த அறம் ஆடுபவரின் செயலுக்கு இடம் மாறியது இவ்விளையாட்டின் பெரிய சாதனை.

மதிப்பீடு

அல்டிமா 4 தன் காலத்து விளையாட்டுகள் கேட்காத கேள்வியைக் கேட்டது. ஆனால் அதற்குப் பொறி தந்த விடை பழைய விடையே: எண்ணுவது. எட்டுப் பண்புகளும் கணினியின் உள்ளே எட்டு எண்கள். இரப்பவருக்கு ஒரு காசு கொடுத்தாலும் நூறு காசு கொடுத்தாலும் இரக்கம் ஒரே அளவுதான் ஏறும். இதைக் கண்டுகொண்டவர்கள் ஒவ்வொரு காசாகப் பலமுறை கொடுத்து இரக்கத்தில் தேறினார்கள். இரப்பவரின் பசி அவர்கள் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. நடத்தைக்கு மதிப்பெண் போட்டால், நடத்தையைக் கற்பதற்கு முன் மதிப்பெண் வாங்கும் வழியைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்பது வகுப்பறை அறிந்த உண்மை. பொறி செயலைப் பார்த்தது, நோக்கத்தைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

இருந்தும் இவ்விளையாட்டை வெறும் மதிப்பெண் பட்டியல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எண்களை அது மறைத்து வைத்தது. உயிர்ப்புள்ளியும் பொன்னும் திரையில் எப்போதும் தெரியும், அறம் மட்டும் தெரியாது. தெரியாத கணக்கு மனச்சாட்சியைப் போல வேலை செய்கிறது. இரண்டாவது, தண்டனையை அது தள்ளிப்போட்டது. ஏமாற்றியவர் அப்போதே பிடிபடுவதில்லை. வெகுநாள் கழித்து முனிவரின் முன் நிற்கும்போதுதான் உறைக்கிறது. மூன்றாவது, முடிவு. படுகுழியின் ஆழத்தில் இறுதிக் கேள்விகளுக்கு விடை சொன்ன பின் முடிசூட்டு விழா எதுவும் இல்லை. இந்தத் தேடல் வாழ்நாள் முழுதும் முடியாதது, உன் உலகுக்குத் திரும்பி அங்கே இப்படி வாழ் என்ற கருத்துடன் ஆடுபவர் திருப்பி அனுப்பப்படுகிறார். புள்ளிகள் நிரம்பிவிட்டன என்று சொல்ல வேண்டிய இடத்தில், புள்ளிகளால் நிரம்பாதது இது என்று விளையாட்டே ஒப்புக்கொள்கிறது.

1988-இல் வந்த அல்டிமா 5 இந்த ஒப்புதலை இன்னும் முன்னே கொண்டுபோனது. அதில் பிளாக்தார்ன் என்னும் ஆட்சியாளன் அதே எட்டு நற்பண்புகளைச் சட்டமாக்குகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும், ஈகை செய்யாவிட்டால் வருவாயே போகும். அறம் அளக்கத்தக்கது என்றால் அதைக் கட்டாயப்படுத்தவும் முடியும். கட்டாயப்படுத்திய அறம் கொடுங்கோன்மையாகிறது. ஒரு படைப்பாளி தம் முந்தைய படைப்புக்குத் தாமே எழுதிய விமர்சனமாக இதைக் கொள்ளலாம்.

தொடர்ச்சி

1986-இல் ஜப்பானில் யூஜி ஹோரி உருவாக்கிய டிராகன் குவெஸ்ட், விசார்ட்ரியின் சண்டை முறையையும் அல்டிமாவின் நிலப்படத்தையும் இணைத்தது. 1987-இல் ஃபைனல் ஃபேண்டசி வந்தது. 1988-இல் பூல் ஆஃப் ரேடியன்ஸ் மேசை விளையாட்டின் மேம்பட்ட விதிகளை முறையான உரிமத்துடன் கணினிக்குக் கொண்டுவந்தது. இவற்றின் வழியாக உயிர்ப்புள்ளி, அனுபவப் புள்ளி, படிநிலை ஆகியவை உலகெங்கும் பரவின. இன்று மொழி கற்பிக்கும் செயலிகளும் உடற்பயிற்சிச் செயலிகளும்கூடப் புள்ளியும் படிநிலையும் தருகின்றன. பாடக் கணினியில் திருட்டுத்தனமாக நுழைந்த விளையாட்டு, சுற்றி வந்து பாடத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

அவதாரம் என்ற சொல்லும் இன்று திரையில் ஒருவரைக் குறிக்கும் படத்துக்குப் பெயராகிவிட்டது. பெயர் நிலைத்தது, அதைப் பெறச் செய்ய வேண்டியிருந்த எட்டுத் தேர்வுகள் உதிர்ந்துவிட்டன. ஆடுபவர் செய்ததற்கு ஆடுபவரே பொறுப்பு என்று ஒரு பொறியைச் சொல்லவைத்த முயற்சி என்ற வகையில் அல்டிமா 4 இன்றும் கவனத்துக்குரியது. யாரும் பார்க்காதபோது சரியான காசை எண்ணி வைக்கிறோமா என்று கேட்க அன்று ஒரு நடுவர் தேவைப்பட்டார். நடுவர் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியை ஆடுபவரின் கையிலேயே விட்டுவைத்தது அவ்விளையாட்டு.